புண் பழுக்காத ஆஸ்பத்திரி

எங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் புண் பழுப்பதில்லை. இதை நான் சொல்லவில்லை. எலும்பு வார்டின் வாசலில் மாட்டியிருந்த கரும்பலகை சொன்னது. 'காயத்தில் கிருமித் தொற்று இல்லாத நாட்கள்' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி, அதற்குக் கீழே எண்ணை மட்டும் சாக்பீஸால் எழுதுவார்கள். நான் சேர்ந்த அன்று எண் நானூற்று அறுபத்திரண்டு. தினமும் காலையில் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து பழைய எண்ணைத் துடைத்துவிட்டு, ஒன்று கூட்டி எழுதிவிட்டுப் போவார். ஒரு கையால் எழுதுவார். இன்னொரு கையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

நான் ஒரு ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியர். பள்ளிக்கூடக் கூரையை உரசிக்கொண்டிருந்த அவகாடோ கிளையை வெட்ட ஏறி, கிளையோடு நானும் இறங்கிவிட்டேன். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. தோல் கிழியவில்லை. அதுதான் என் அதிர்ஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது. காலில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் கல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டு, ஆறு வாரம் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். என்னால் செய்ய முடிந்ததெல்லாம் பார்ப்பது, கேட்பது, எழுதுவது. மூன்றையும் செய்தேன். எழுதியதைத்தான் செய்திருக்கக் கூடாது.

பூசிங்கே வந்தது நானூற்று எழுபத்தொன்றாம் நாள் மதியம். பால்காரர். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு மலைப் பாதையில் டவுனுக்கு இறங்குகிறவர். தேயிலைத் தோட்டத்து வளைவில் மாட்டு மந்தை குறுக்கே வந்துவிட்டது. வண்டியைத் திருப்பினார், வாய்க்காலில் விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, சாணியும் சேறும் கலந்த தரையில் குத்தி நின்றதாம். அதை அவரே எனக்குச் சொன்னார். "நான் விழுந்தது கூடப் பரவாயில்ல வாத்தியாரே, அறுபது லிட்டர் பால். மாடெல்லாம் நின்னு அதைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நம்ம பாலாச்சேன்னு."

கூட வந்தவள் அவர் மனைவி கபஹெண்டா. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் பெயரோடு ஒரு செல்லப் பெயரும் உண்டு. அன்பும் மரியாதையும் வேண்டிய இடத்தில் அதைத்தான் சொல்லிக் கூப்பிடுவோம். அவருக்கு அராலி, அவளுக்கு அட்யேரி.

இளம் டாக்டர் முஹிந்தோ ஓடி வந்து காயத்தைப் பார்த்தார். "இதை உடனே ஆப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோயிக் கழுவணும். பத்து லிட்டர் தண்ணியாவது ஊத்தணும். எவ்வளவு சீக்கிரம் கழுவறோமோ அவ்வளவுக்குக் கால் நம்மோடது."

வார்டு சிஸ்டர் கெமிரெம்பே தொற்றுத் தடுப்புக் கமிட்டியின் விதிப் புத்தகத்தை எடுத்தாள். நல்லவள். நாற்பத்தாறு படுக்கைக்கு ஒரே ஆள். "டாக்டர், அசுத்தமான காயம் தியேட்டருக்குள்ள வரக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"அசுத்தமா இருக்கறதாலதானே உள்ள கொண்டுபோறோம்."

"கழுவிட்டுக் கொண்டுபோகலாம்னு போட்டிருக்கு."

"எங்க கழுவறது?"

சிஸ்டர் பக்கத்தைத் திருப்பினாள். "தியேட்டர்ல."

டாக்டர் புத்தகத்தை வாங்கி மூடி வைத்தார்.

கடைசியில் கழுவியது கபஹெண்டாதான். வார்டுக் குழாயில் தண்ணீர் வந்து இரண்டு வருடம். சரிவில் அரை மணி நேரம் இறங்கினால் ஓர் ஊற்று உண்டு. அங்கிருந்து இருபது லிட்டர் மஞ்சள் கேனைத் தலையில் சுமந்து வந்தாள். நோயாளிகளின் ஆட்கள் சமைக்கிற கொட்டகையில் கரி அடுப்பில் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு, ஆற வைத்தாள். வராந்தாவில் ஒரு தட்டைக் காலுக்கடியில் வைத்து அவள் ஊற்ற, டாக்டர் முஹிந்தோ கையுறை மாட்டிக்கொண்டு புல்லையும் மண்ணையும் ஒவ்வொன்றாக எடுத்தார். பூசிங்கே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "டாக்டர், ஒண்ணு ரெண்டு புல்லு விட்டுடுங்க. உள்ள முளைச்சா கன்னுக்குட்டிக்கு ஆகும்."

"பேசாம இரு அராலி," என்றாள் கபஹெண்டா. ஊற்றுவதை நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் தியேட்டர் அனுமதி கிடைத்தது. காயம் காய்ந்துவிட்டதால் அது இனி அசுத்தமில்லை என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. கமிட்டியின் தலைவர் பெரிய டாக்டர் பலிண்டா. ஆஸ்பத்திரியின் தலைவரும் அவர்தான், தலைமை அறுவை மருத்துவரும் அவர்தான். எலும்பை வெளியே கம்பி போட்டு நிறுத்தி, காயத்தைத் தைக்காமல் திறந்தே வைக்க வேண்டும் என்று முஹிந்தோ கெஞ்சியிருக்கிறார். பலிண்டா ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்நூறாவது நாள் அமைச்சகத்திலிருந்து விருந்தினர் வருகிறார்கள். விருதும் சான்றிதழும் வருகின்றன. "திறந்த காயத்தைப் பார்த்தா வர்றவங்க மனசு புண்படும் தம்பி," என்றாராம். உள்ளே இரும்புத் தகடு வைத்து, எட்டுத் திருகாணி முடுக்கி, மேலே அழகாகத் தைத்து அனுப்பினார்கள். தையலைப் பார்த்தேன். என் பள்ளிப் பெண்பிள்ளைகளின் கைவேலையில் அந்த மாதிரித் தையலுக்குத்தான் நான் முழு மதிப்பெண் போடுவேன்.

தைத்த ஐந்தாம் நாள் தையலுக்கு நடுவில் ஒரு மஞ்சள் துளி வந்தது. மறுநாள் கட்டு நனைந்தது. அதற்கு மறுநாள் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே நாற்றத்தில் எங்கள் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது.

சிஸ்டர் பதிவேட்டோடு என் கட்டிலுக்கு வந்தாள். அவளுக்கு எழுத நேரமில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். படுத்த இரண்டாம் வாரத்திலிருந்தே அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிவந்தேன்.

"வாத்தியாரே, 'சீழ்'னு எழுதினா கமிட்டிக்குப் போகும். கமிட்டிக்குப் போனா பலகை பூஜ்யத்துக்குப் போகும். பலகை பூஜ்யத்துக்குப் போனா நான் மலைக்கு மேல இருக்கற டிஸ்பென்சரிக்குப் போவேன். எனக்கு மூணு பிள்ளைங்க. வேற என்ன வார்த்தை இருக்கு?"

முப்பது வருடம் பாடம் நடத்தியவனிடம் வேறு வார்த்தை கேட்டால் சும்மா இருப்பானா? "'ஈரம்'னு எழுதலாம்," என்றேன். சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எழுதினேன். மறுநாள் 'மிகுந்த ஈரம்' என்று எழுதினேன். சிஸ்டர் என்னைப் பார்க்காமல் நன்றி சொன்னாள். பலகையில் நானூற்று எண்பத்தொன்று.

அதற்கு அடுத்த நாள் கமிட்டி வார்டைப் பார்வையிட வந்தது. ஏழு பேர், வெள்ளைக் கோட்டு. பலிண்டா முன்னால். கட்டில்களுக்கு நடுவில் வந்து நின்று, "முதல்ல கை," என்றார். கை கழுவும் முறையில் ஏழு படி உண்டு. அதற்கு ஒரு பாட்டும் உண்டு. குழாயைத் திறந்தார்கள், காற்று வந்தது. அப்போது கபஹெண்டா ஊற்றிலிருந்து கேனோடு உள்ளே வந்தாள். அன்றைக்கு அவளுக்கு அது இரண்டாவது நடை.

"இதோ தண்ணி," என்றார் பலிண்டா. "பார்த்தீங்களா, மக்கள் ஒத்துழைப்பு."

ஒருவர் பின் ஒருவராக ஏழு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டே கழுவினார்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகம். கபஹெண்டாவே கேனைச் சாய்த்து ஊற்றினாள். ஏழாவது ஆளுக்குத் தண்ணீர் மணிக்கட்டு வரைதான் வந்தது. அவர் வருத்தப்பட்டார்.

"அது என் வீட்டுக்காரர் காலைக் கழுவ வெச்சிருந்த தண்ணிங்கய்யா," என்றாள் அவள்.

"கால் கமிட்டி வேற அம்மா," என்றார் ஒருவர். கேலியாகச் சொல்லவில்லை.

பலிண்டா கைகளை உலரும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார். "இந்த வார்டில் முன்பெல்லாம் மாதம் இருபது புண் பழுக்கும். இன்று ஒன்றுகூட இல்லை. என்ன மாறியது என்று வெளியூர்க்காரர்கள் என்னைக் கேட்கிறார்கள். தண்ணீர் வந்ததா? இல்லை. மருந்து வந்ததா? இல்லை. நர்சுகள் வந்தார்களா? அதுவும் இல்லை. கமிட்டி வந்தது." ஆறு பேர் ஈரக்கையைத் தட்டினார்கள். சுத்தமான கையால் எதையும் தொடக் கூடாதென்பதால் யாரும் எந்தக் காயத்தையும் தொடவில்லை. போய்விட்டார்கள். கபஹெண்டா காலிக் கேனை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினாள்.

பூசிங்கேக்குக் காய்ச்சல் ஏறியது. கேழ்வரகுக் களியை ஊட்டினால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. டாக்டர் முஹிந்தோ கேஸ் ஷீட்டில் 'சீழ், எலும்பு வரை' என்று தன் கையால் எழுதிவிட்டார். அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒன்றுமில்லை.

"ஒரு வழி சொல்லியிருக்காங்க," என்றார் சிஸ்டரிடம். "இவரை டிஸ்சார்ஜ் பண்ணணும். வாசலுக்கு வெளிய கொண்டுபோயி, திரும்பச் சேர்க்கணும். அப்போ சீழ் வெளியிலேருந்து வந்ததா ஆகும். நம்ம கணக்கில வராது. அப்படிப் பண்ணினாதான் கிருமி எதுன்னு பார்க்க அனுப்ப விடுவாங்களாம்."

"நீங்க சரின்னுட்டீங்களா?"

"எனக்கு அந்தச் சீழை எங்கயாவது அனுப்பியாகணும் சிஸ்டர்."

டிஸ்சார்ஜ் வரியை சிஸ்டர் சொல்ல நான் எழுதினேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள். மற்றதைக் கபஹெண்டா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாசலுக்கு வெளியே யூக்கலிப்டஸ் மரத்தடியில் வெயிலில் சிறிது நேரம் நிறுத்தி வைத்தார்களாம். பிறகு புதிய நோயாளிகளின் வரிசை. ஜன்னலில் இருந்த குமாஸ்தா கேட்டாராம்: "எங்கிருந்து வர்றீங்க?"

"உள்ளேருந்து."

"உள்ளேன்னு ஒரு ஊர் கிடையாதும்மா."

"பதினாலாம் நம்பர் கட்டில்லேருந்து வர்றோம்ங்கய்யா. இப்பத்தான் தள்ளிட்டு வந்தாங்க."

"ஊர் பேரைச் சொல்லு. பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். எப்போது கிளம்பினீர்கள் என்று கேட்டார். அதற்கும் ஏதோ சொன்னாள். ஸ்ட்ரெச்சரில் பூசிங்கே கண்ணை மூடிக்கொண்டே, "சீக்கிரம் வந்துட்டோம்ல அட்யேரி. ரோடு நல்லா இருக்கு," என்றாராம்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் பதினாலாம் கட்டிலில் வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். பூசிங்கேயை என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள்.

எங்கள் ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க வசதி இல்லை. முஹிந்தோ சீழைக் குழாயில் அடைத்து, ஐஸ் வைத்து, டவுன் பஸ் டிரைவரிடம் கொடுத்து வேறு ஊருக்கு அனுப்பினார். ஆறு நாள் கழித்து முடிவு வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் தினமும் எல்லாருக்கும் போடுகிற ஊசி அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. ஒரே ஒரு மருந்துதான் கேட்கும்.

அது ஸ்டோரில் இருந்தது. அதுதான் கொடுமை. கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். விலையுயர்ந்த மருந்தை வீணாக்கக் கூடாதென்று மூன்று கையெழுத்து விதி. இரண்டு கிடைத்தன. மூன்றாவது ஆள், மருந்துகளைக் கவனமாகப் பயன்படுத்துவது எப்படி என்ற பயிற்சிக்கு ஏரிக்கரை ஹோட்டலுக்குப் போயிருந்தார். ஒரு வாரம். போனில் கேட்டார் முஹிந்தோ. "போன்ல சரின்னு சொன்னா அது கவனமாப் பயன்படுத்தறது ஆகாதே," என்று பதில் வந்தது.

மருந்துக்குக் காத்திருந்தால் ஆளே போய்விடுவார் என்று நானூற்றுத் தொண்ணூற்றைந்தாம் நாள் முஹிந்தோ பாயருகே குந்திச் சொன்னார். காலை எடுத்துவிட வேண்டும், முழங்காலுக்கு மேலே.

பூசிங்கே கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "பாலை யார் கொண்டுபோறது?"

"நான் ஓட்டறேன்," என்றாள் கபஹெண்டா.

"நீ ஓட்டற வேகத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள தயிராயிடும்."

"தயிரா வித்துக்கறேன். நீ கையெழுத்துப் போடு."

போட்டார். எடுத்துவிட்டார்கள். கபஹெண்டா தியேட்டர் வாசலில் நின்று காலைக் கேட்டாள். எங்கள் பக்கத்தில் விரலே போனாலும் வீட்டு வாழைத் தோட்டத்தில்தான் புதைப்போம். அது மருத்துவக் கழிவு, கமிட்டியின் பொறுப்பு என்று சொல்லிப் பின்பக்கக் குழிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்று நாள் அவருக்குக் காய்ச்சல் இறங்கியதுபோல் இருந்தது. சாப்பிட்டார். என் காலில் தொங்கிய பையின் கற்களை எண்ணி, நான் ஒரு கல்லால் ஏமாற்றப்படுகிறேன் என்றார். நான்காம் நாள் மூச்சு வேகமாகியது. கிருமி இரத்தத்துக்குப் போய்விட்டது என்று முஹிந்தோ என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

ஐந்நூறாவது நாள் காலை லாரியில் தண்ணீர் வந்தது. மாடித் தொட்டியை நிரப்பினார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு வார்டுக் குழாய் இருமியது, செம்மண்ணாகத் துப்பியது, பிறகு தெளிந்தது. வெளியே பந்தலில் ஒலிபெருக்கி. விருந்தினர் வந்து உட்கார்ந்ததும் பலிண்டா பேசத் தொடங்கினார். "ஒரு கிருமிகூட எங்கள் பதிவேட்டுக்குள் நுழைய நாங்கள் விட்டதில்லை," என்று அவர் சொன்னபோது பூசிங்கே ஒரு மூச்சு விட்டார். அடுத்ததற்கு நான் காத்திருந்தேன். கபஹெண்டாவும் காத்திருந்தாள். சிஸ்டர் வந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள்.

கபஹெண்டா வாயைத் திறந்தாள். சிஸ்டர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னாள்: "அட்யேரி, உன் காலைத் தொட்டுக் கேக்கறேன். அவங்க வார்டைப் பார்த்துட்டுப் போகட்டும். அஞ்சு நிமிஷம். அப்புறம் அழு. நானும் அழறேன்."

விருந்தினர் வந்தார்கள். பெரிய மனிதர், கழுத்தில் மாலை. தரையில் போர்வைக்குள் இருந்தவரைப் பார்த்து நின்றார். "இவர் எப்படி இருக்கார்?"

கபஹெண்டா கணவனின் கையைப் போர்வைக்குள் பிடித்தபடி, தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள்.

"நல்லாத் தூங்கறார்," என்றார் பலிண்டா.

"அமைதியான வார்டு," என்றார் விருந்தினர். "எங்க ஊர்ல எல்லாம் சத்தம் தாங்காது."

அவர் என்னையும் பார்த்தார். என் வாய் சும்மா இருந்தது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுத்த வாய். அவர்கள் நடந்து வெளியேறி, பந்தலில் கைதட்டல் கேட்ட பிறகுதான் கபஹெண்டா அழுதாள். அழுதபடியே குழாயடிக்குப் போய் கேனை நிறையப் பிடித்து வந்து, அவரைத் தலையிலிருந்து கழுவினாள். சிஸ்டர் ஊற்றினாள். அன்றைக்குத் தண்ணீர் நிற்காமல் வந்தது.

நான் ஊன்றுகோலோடு வீடு திரும்பினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, பள்ளி வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. இரண்டு பக்கமும் பால் கேன். கபஹெண்டா இறங்கினாள். இளைத்திருந்தாள்.

"வாத்தியாரே, ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதாசி எழுதித் தரணும். அவரோட காலைக் கேக்கணும். மனுஷன் அங்கயும் இங்கயுமாப் படுத்திருக்கார். எலும்பாவது கிடைச்சா பக்கத்துல வெச்சிடுவேன்."

எழுதினேன். அந்தக் கடிதத்தில் எந்த வார்த்தைக்கும் வேறு வார்த்தை தேடவில்லை. ஆறு வாரத்தில் பள்ளி முகவரிக்குப் பதில் வந்தது. மறுநாள் அவள் பால் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது நிறுத்திச் சொன்னேன். வண்டியில் உட்கார்ந்தபடியே, "படிங்க," என்றாள்.

படித்தேன். இரண்டாவது முறை சேர்க்கப்பட்டவர் வெளியிலிருந்து வந்த நோயாளி, அவர் காலைப் பற்றி அவர் வந்த இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று கமிட்டி எழுதியிருந்தது. பதினாலாம் கட்டிலில் இருந்த திரு. பூசிங்கேயைப் பற்றிய பதிவேட்டின் நகலை இணைத்திருந்தார்கள். 'காயம் முழுமையாக ஆறியது. இரண்டு கால்களுடனும் நலமாக நடந்து வீடு திரும்பினார்.'

நகலில் இருந்தது என் கையெழுத்து. 'வீடு திரும்பினார்' என்று மட்டும்தான் சிஸ்டர் சொன்னாள். வாக்கியம் மொட்டையாக இருக்கிறதே என்று மீதியைச் சேர்த்தவன் நான்.

"அட்யேரி, இந்த வரியை எழுதினது நான்," என்றேன். "ஈரம்னு எழுதினதும் நான்தான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. வண்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒன்பதாம் வாய்ப்பாட்டை முடித்ததும் கேட்டாள்.

"நடந்து போனார்னா போட்டிருக்கு?"

"ஆமா."

"ரெண்டு காலோட?"

"ஆமா அட்யேரி."

"அதை இன்னொரு தடவை படிங்க," என்றாள்.

படித்தேன். அவள் காகிதத்தை வாங்கி மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, வண்டியை உதைத்தாள்.